முதல் கியர்

முன்பக்கம் தூக்கி முட்டுக் கொடுத்திருந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரின் அடியில் மல்லாந்து கிடந்தான் ரோலண்ட். மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மனைவி பெரில் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"சீட்டுக்கடியில கிடந்த இந்தக் கம்மல் யாரோடது?"

"தெரியல பெரில். முதல்ல இறங்கு."

"முதல் கியர் போட்டாச்சு. சாவியத் திருப்பட்டுமா?"

கார் துளி நகர்ந்தாலும் முட்டு சரிந்து அவனை நசுக்கிவிடும்.

"டாஃப்னியோடது. கார் கிளப்புல டீ ஊத்துவாளே, அவ. ரெண்டு தடவதான், சத்தியமா. திருப்பாத."

அவள் திருப்பினாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

ஒன்றும் நடக்கவில்லை.

பெரில் இறங்கிக் குனிந்து பார்த்தாள். "பழைய ஸ்டார்ட்டர் மோட்டாரக் கழற்றி நெஞ்சு மேல வச்சிருக்க. புதுசு இன்னும் டப்பாவுல கிடக்கு. வண்டி எப்படிக் கிளம்பும் ரோலண்ட்?"