ரெண்டு பேரும் சாப்பிடணும்

மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மனைவிக்கு, என்ன மாத்திரை என்று தெரியாமல் ஒரு மாத்திரையைக் கொடுப்பது எப்படி?

நேற்று மாலையிலிருந்து லிஃப்ட் மெக்கானிக்கின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி இதுதான். எந்த மாத்திரை எந்த நோய்க்கு என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

முழங்கால் வீங்கிப்போய்த்தான் அவன் டாக்டரம்மாவிடம் போனான். ஊரையே மாடிக்கு மாடி தூக்கிவிடுகிறவனால் நாலு படி ஏற முடியவில்லை.

டாக்டரம்மா காலைப் பார்த்தார். சிவந்திருந்த கண்ணைப் பார்த்தார். "நீர்க்கடுப்பு இருந்துச்சா?" என்றார்.

"மூணு நாள் இருந்துச்சு டாக்டர். உடம்புச் சூடுன்னு விட்டுட்டேன். அதுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம்?"

"இருக்கு. உடம்புல வேற எங்கேயோ கிருமி புகுந்தா, சில பேருக்கு அது மூட்டுல வந்து வீக்கமா நிக்கும். வயித்துக்குள்ள போன கிருமியா இருக்கலாம். இல்லைன்னா..."

"வயிறுதான் டாக்டர்!" என்று அவன் முந்திக்கொண்டான். "போன மாசம் பத்து நாள் வெளியூர் வேலை. ஓட்டல் சாப்பாடு. ஒரே வயித்துப்போக்கு!"

அந்தப் பத்து நாளும் அவன் வயிறு ஒரு குறையும் வைக்கவில்லை. குறை வைத்தது அவன்தான்.

டாக்டரம்மா பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். நேற்று முடிவு வந்தது.

"வயிறு இல்லை. இது உடலுறவால ஒட்டுற கிருமி. அது கிளப்பிவிட்ட மூட்டுவாதம்தான் இது."

அவன் எதிர்வாதம் பண்ண வாயெடுப்பதற்குள் டாக்டரம்மா மருந்துச்சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்.

"உங்களுக்கு ஒரு வாரத்துக்கு மாத்திரை. வீட்டம்மாவை நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

"அவளுக்கு எதுக்கு டாக்டர்? அவ நல்லாத்தான் இருக்கா!"

"பொம்பளைங்களுக்குப் பெரும்பாலும் வெளியில தெரியாது. உள்ளேயே இருந்து கர்ப்பக்குழாயைக் கெடுத்துடும். குழந்தை இருக்கா?"

"இப்பதான்... முயற்சி பண்ணிட்டிருக்கோம்."

"அப்போ தள்ளிப்போடாதீங்க. வரமாட்டேன்னு சொன்னா, விஷயத்தைச் சொல்லி சீட்டுல எழுதின இந்த ரெண்டு மாத்திரையையாவது வாங்கிக் கொடுங்க. ஒரே வேளையில போடணும். அவங்களுக்கு ஒத்துக்காத மருந்து ஏதாவது உண்டா?"

"இல்லை டாக்டர்" என்றான். உண்மையில் அவனுக்குத் தெரியாது. கல்யாணமான இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை.

"ஞாபகம் வெச்சுக்குங்க. ரெண்டு பேரும் சாப்பிடணும்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினான். இந்தத் தடவை நிஜமாகவே.

சொன்னால் அவள் போய்விடுவாள். சொல்லாவிட்டால் பிறக்க வேண்டிய குழந்தை போய்விடும். எட்டு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு கடையில் மாத்திரை வாங்கினான். ஒரு விட்டமின் பாட்டிலும் வாங்கினான். உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, அட்டையைப் பிரித்து அந்த இரண்டையும் அதில் போட்டு மூடினான்.

காலையில் அவள் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இந்தா, விட்டமின். ரொம்ப சோர்வா தெரியறியேன்னு வாங்கினேன்" என்றான்.

அவள் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தாள். இரண்டு மாத்திரைகளையும் பார்த்தாள். அவன் சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்தான்.

"ரெண்டுமா?"

"ரெண்டும். ஒரே வேளையில."

தண்ணீர் டம்ளரை எடுத்தாள். போட்டுக்கொண்டாள். விழுங்கினாள்.

அவளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால்? மூச்சு முட்டினால்? அவன் அவள் முகத்தையே பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள்.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான். இன்னும் இரண்டே நிமிஷம். அவள் படியிறங்கிவிட்டால் தப்பித்தான்.

வாசலில் செருப்பை மாட்டியபடி அவள் சொன்னாள்: "உங்க மாத்திரையை ஒரு வாரமும் விடாம சாப்பிடுங்க. முழங்கால் வலி விட்டுடுச்சேன்னு நடுவுல நிறுத்திடாதீங்க."

அவன் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தான்.

"உனக்கு... எப்படி?"

"மாசத்துக்கு ரெண்டு பேராவது எங்க கடைக்கு வருவாங்க. இதே மாத்திரை. பொண்டாட்டிக்குத் தெரியக்கூடாது, விட்டமின் பாட்டில்ல போட்டுக் கொடுங்கன்னு கெஞ்சுவாங்க."

"நீ... என்ன பண்ணுவே?"

"போட்டுக் கொடுப்பேன். அந்தப் பொண்ணு உடம்பாவது நல்லா இருக்கட்டுமேன்னு."

அவள் கதவைத் திறந்தாள். அப்போதுதான் குரல் உடைந்தது.

"அந்தப் பொண்டாட்டிங்க யாருக்கும் தெரியாதுன்னுதான் இத்தனை நாளா நானும் நினைச்சுட்டிருந்தேன்."