விலாசம் சொன்னவள்

"பேரு, விலாசம். ரெண்டையும் சொல்லிட்டுப் பேசுங்க. இது ஊர் மன்றத்தோட விதி."

மன்ற உறுப்பினர் ராண்டல் இதைச் சொன்னதும், மைக் முன்னால் நின்ற மூன்றாவது ஆளும் வாயைத் திறக்காமல் திரும்பிப் போனான். அவனுக்கு முன்னால் வந்த இருவரும் அப்படித்தான் போனார்கள். மூவரும் இறைச்சி ஆலையில் மாடு வெட்டுகிறவர்கள். குடியேற்றக் காகிதம் இல்லாதவர்கள். வாயைப் பூட்ட இதைவிட நல்ல பூட்டு கிடைக்குமா?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில் அன்று ராண்டல் கொண்டுவந்த சட்டம் ஓட்டுக்கு வந்திருந்தது. காகிதம் இல்லாதவருக்குத் தங்க இடம் கொடுத்தால் வீட்டுக்காரருக்கு அபராதம். தங்கியவர் அன்றைக்கே வெளியேற வேண்டும்.

நான்காவதாக டெல்ஃபினா எழுந்தாள். குவாத்தமாலா நாட்டுக்காரி. அவளிடமும் காகிதம் கிடையாது.

பக்கத்திலிருந்த தோழி நோயமி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "பைத்தியமாடி உனக்கு? விலாசத்தைச் சொன்னா நாளைக்கே வாசல்ல குடியேற்ற அதிகாரி வண்டி நிக்கும். ஏத்திக்கிட்டுப் போயிடுவான்."

"நிக்கட்டும். ஒன்பது வருஷமா ஒளிஞ்சது போதும்."

மைக் முன் வந்து நின்றவளைக் கண்டதும் ராண்டலின் குரல் இறங்கிவிட்டது.

"விலாசமெல்லாம் வேண்டாம்மா. நேரமாச்சு. ரெண்டு வார்த்தை பேசிட்டு உக்காருங்க."

கல்லுக்குள்ளும் ஈரம் இருக்கிறதே என்று கூட்டத்தில் சிலர் வியந்தார்கள்.

"மூணு பேருக்கு இருந்த விதி எனக்கு மட்டும் ஏன் இல்லாமப் போச்சுங்கய்யா?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதை நான் பாத்துக்கறேன். எங்க ஆளுங்க வெட்டுற மாட்டை இந்த ஊரே திங்குது. அப்ப யாரும் காகிதம் கேக்கலை. தலை சாய்க்க இடம்னு வந்தா மட்டும் கேக்கறீங்க."

"அதான் பேசியாச்சே. உக்காருங்க."

அவள் உட்காரவில்லை. மன்றத்தின் எழுத்தர் ஜானிஸ் பக்கம் திரும்பினாள்.

"எழுதிக்கங்கம்மா. டெல்ஃபினா சோலிஸ். பதினேழு, ஆர்ச்சர்ட் தெரு. மாடி அறை."

ஜானிஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு ராண்டலைப் பார்த்தாள். "பதினேழா? அது உங்க வீடாச்சே?"

"ஆமாம்மா, படுத்த படுக்கையா இருக்கற இவங்க அம்மாவைப் பாத்துக்கறதே நான்தான்," என்றாள் டெல்ஃபினா. "இப்ப ஓட்டெடுங்க."