பேருந்துக்கு ஆள் வேண்டும்

செக் நாட்டு மேட்டுநிலத்தில் ஓட்டுநரில்லாத பேருந்து ஒன்று ஓடியது. ஓர் ஊரில் ஒரு நாள் எவரும் ஏறாவிட்டால், மறுநாள் முதல் அந்த ஊரில் அது நிற்காது. அதனால் ஒவ்வோர் ஊராரும் முறைவைத்துக்கொண்டு நகரத்துக்குச் சும்மாவே போய்வந்தார்கள்.

உருளைக்கிழங்கு பயிரிடும் லுட்மிலா தன் முறை வந்தபோது முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். அடுத்த ஊருக்காக ஏறிய பால்பண்ணைக்காரர் போஹுஸ்லாவ் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய பேச்சில் அவளுக்குச் சிரித்து வயிறு வலித்தது. அன்றிலிருந்து எல்லார் முறையையும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்; தன் ஊரில் போஹுஸ்லாவும் அப்படியே செய்தார்.

முதல் பனி விழுந்த காலையில் அவர் கேட்டார்: "கல்யாணம் பண்ணிக்கலாமா? எங்க ஊருக்கே வந்துடு."

லுட்மிலாவுக்கு முகம் சிவந்தது. "கல்யாணம் சரிங்க. நான் வந்துட்டா எங்க ஊர்ல யாரு பஸ் ஏறுவா?"

கல்யாணம் அந்த மாதமே நடந்தது. மாலையில் அவரவர் ஊரில் இறங்கிக்கொள்கிறார்கள்; குடித்தனம் முழுக்கப் பேருந்தில்தான்.