பூங்கோதையின் குரல்

மூன்றாவது மாடி பூங்கோதைக்குப் பிறவியிலேயே அபூர்வமான மரபணுக் கோளாறு. இப்போது நுரையீரலிலும் கட்டிகள். நாலு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்குகிறதென்று, அவள் குரலில் அவளாகவே பேசும் பெட்டி ஒன்றைக் கணவர் சிவநேசன் வாங்கிவைத்தார். நலம் விசாரிக்கப் போனேன். எனக்கு வேறென்ன வேலை? பூங்கோதை கூடத்தில் தனியாகச் சாய்ந்திருந்தாள். சமையலறையில் சிவநேசனின் சிரிப்பும் ஒரு பெண்குரலும் கேட்டன.

"உன் வீட்டுக்காரர் யார்கூடடி இப்படிச் சிரிக்கிறாரு?"

"என்கூடத்தான்... அக்கா."

அதற்கே அவளுக்கு இளைத்தது.

"அவரு உங்கூட நேர்ல பேசி எத்தனை நாளாச்சு?"

மூச்சைச் சேர்த்துக்கொண்டு அவள் வாய் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து பெட்டி முந்திக்கொண்டது. "ரெண்டு மாசமாச்சுக்கா. உள்ள வாங்க, எல்லாம் சொல்றேன்."

பூங்கோதை என் முந்தானையைப் பிடித்தாள். ஏதோ சொல்ல இருந்தது. சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ. மெதுவாக விடுவித்துக்கொண்டு உள்ளே போனேன்.