கூன் முதுகு மாப்பிள்ளை

கல்யாண வீடுகளில் தன்னை வைத்துச் சிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, விவசாய இன்ஜினியர் ஷௌகிக்கு ஒரு வாய் ரொட்டி இறங்கவில்லை.

சிரிக்க வைப்பவள் தப்லா தட்டிப் பாடும் நபவிய்யா. கம்பியை வளைத்து மூக்குக் கண்ணாடி. வயிற்றில் தலையணை. அச்சு அசலாக அவரைப் போலவே தொண்டையைச் செருமுகிறாளாம். பெண்கள் போடும் குலவையில் கூரையே பிய்த்துக்கொண்டு போகிறதாம்.

அவர் கவலை அவருக்கு. பக்கத்துப் பாலைவனச் சோலையில் சிவப்புக் கூன்வண்டு புகுந்து இருநூறு பேரீச்ச மரங்களைத் தின்று கூடாக்கிவிட்டது. இங்கேயும் வந்தால் ஊரே பட்டினி.

வெட்டுக்காயத்தின் வாசம் பிடித்துத்தான் அது வரும், மட்டை வெட்டினால் அன்றைக்கே மண் பூசி மூடுங்கள் என்று ஆயிரம் நோட்டீஸ் அடித்தார். தாமிய்யா என்னும் பருப்பு வடை விற்கும் கடைக்காரர் அதில் வடை மடித்துக் கொடுத்தார்.

கூட்டம் போட்டார். ஏழு பேர் வந்தார்கள். டீயைக் குடித்ததும் ஆறு பேர் நழுவினார்கள். மிச்சம் இருந்தது இதே நபவிய்யாதான். அவளும் சுவரில் சாய்ந்து தூங்கினாள்.

இன்றைக்கு அவளை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

வழியில் விவசாயி அதிய்யாவின் பேரீச்சந்தோட்டம். மர உச்சியில் அவன், இடுப்புக் கயிற்றில் சாய்ந்தபடி, வெட்டிய மட்டைக் காம்பில் ஈரமண்ணை அப்பிக்கொண்டிருந்தான். அடுத்த மரத்திலும் மண். அதற்கடுத்த மரத்திலும்.

ஷௌகி வண்டியை நிறுத்தினார்.

"இதை யாருப்பா சொன்னது?"

மேலேயிருந்து பாட்டாகவே பதில் வந்தது.

"வெட்டின வாசலை மூடி வையடி,
வாசம் பிடிச்சு வாரான்டி,
கூன் முதுகு மாப்பிள்ளை,
குடி புகுந்தா வீடே இல்லை."

"இதைத்தானேய்யா ஆறு மாசமா நானும் சொல்றேன்?"

"நீங்களா? நீங்க ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறீங்கன்னுல்ல நெனச்சோம். இப்ப, மண்ணு பூசாம வீட்டுக்குப் போனா என் பொஞ்சாதி நபவிய்யாவோட இந்தப் பாட்டைப் பாடியே கதவைச் சாத்துறா."

நபவிய்யா வாசலில் தப்லாவை வெயிலில் காட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் தலையணையை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

"கோவிச்சுக்காதீங்க இன்ஜினியரய்யா. உங்க தொப்பை இல்லாம பாடினா ஜனம் கேட்க மாட்டேங்குது."

"தொப்பை கிடக்கட்டும்மா. கூட்டத்துல நீ தூங்கினியே, அப்புறம் எப்படி ஒண்ணு விடாம..."

"தூங்கினேனா? கண்ணை மூடினாத்தான் எனக்கு மெட்டு வரும்."

ஷௌகி அப்படியே தரையில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"அடுத்தது, மரத்துல பழுப்பா தண்ணி கசிஞ்சா என்ன செய்யணும்னு சொல்றேன். கண்ணை மூடிக்கம்மா."