சுருக்கிச் சொன்னது

டாக்டர் நீளமாகப் பேசினார். கோதை அதைச் சின்னதாக்கித் தமிழில் எனக்குச் சொன்னாள்.

"ரத்தம் சரியா ஊற மாட்டேங்குதாம்மா. அதான் களைப்பு, மயக்கம் எல்லாம். மாத்திரை இருக்காம்."

டாக்டர் வங்காளி. அவருக்கு இந்தி தடுமாறியது. என் இந்தியோ தில்லி மோதி பாக் தெருவில் வரும் காய்கறி வண்டியோடு நின்றுபோனது. அதனால் அவர் இங்கிலீஷிலேயே பேசினார். என் மகளைப் பார்த்தே பேசினார். என் பக்கம் திரும்பவில்லை.

கோதைக்கு இங்கிலீஷ் ஆனர்ஸ் இரண்டாம் வருடம். அவள் அப்பா போன பிறகு, அவர் வேலை பார்த்த அலுவலகத்திலேயே எனக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். மேசைக்கு மேசை பைல் தூக்குகிற வேலை. தமிழில் எதைக் கொடுத்தாலும் படித்துவிடுவேன். நான் தூக்கிய பைல்களில் ஒரு வரிகூட எனக்குப் புரியாது.

அவளாவது பி.காம் படித்து பேங்க் பரீட்சை எழுதட்டும் என்று நினைத்தேன். அவள் கதையும் கவிதையும் படிக்கப் போனாள்.

"கதை படிக்க எதுக்குடி காலேஜு? லைப்ரரி போதாதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன்.

"நீ லைப்ரரியிலயே படிச்சே. அதான் இப்படிப் பேசறே" என்பாள்.

டாக்டர் மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை மெதுவாக. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நடுவில் 'மதர்' என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. கோதை தலையை ஆட்டினாள்.

"அடிக்கடி வந்து போகணுமாம். ஊசி போடுவாங்களாம். தேவைப்பட்டா ரத்தம் ஏத்துவாங்களாம்."

"இவ்ளோ நேரம் பேசினாரு. இவ்ளோதானா?"

"நீட்டிச் சொன்னதைச் சுருக்கிச் சொல்லணும்மா. இதுக்குத்தானே காலேஜ்ல உயிரை எடுக்கறாங்க. பரீட்சையில மார்க்கே உண்டு."

"பெரிய மார்க்கு! பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லியே?"

"பயந்து என்னம்மா ஆகப்போகுது?"

அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு அவள் டாக்டரிடம் கேள்விகள் கேட்டாள். ஒவ்வொன்றாக, நிதானமாக. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவர் பதில் சொன்னதும், அந்தப் பதிலுக்குள்ளிருந்தே அடுத்த கேள்வியை எடுத்தாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் அலுவலகத்தில் அப்படி இங்கிலீஷ் பேசுகிறவர்களின் அறைக்குள் போனால் நான் சுவரோரம்தான் நிற்பேன். இங்கே ஒரு பெரிய டாக்டர் என் மகளுக்கு முன்னால் வாயடைத்து உட்கார்ந்திருந்தார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பரவால்லடி. உன் இங்கிலீஷ் ஒண்ணுத்துக்காவது உதவுது."

கோதை சிரித்துவிட்டாள். "அச்சா, இப்பவாவது ஒத்துக்கிட்டியே! போதும்மா, டாக்டர் பாக்கறாரு."

எனக்கும் சிரிப்பு வந்தது. டாக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. பாவம், தமிழ் தெரியாதவர் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது எனக்குத் தெரிந்த இங்கிலீஷைச் சொன்னேன். தேங்க்யூ.

அவர் எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார். தில்லிக்கு வந்ததிலிருந்து எனக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. மகள் படித்த படிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று எண்ணிக்கொண்டு படி இறங்கினேன். கேட்டுக்கு வெளியே பாப்டி சாட் வாங்கி இரண்டு பேரும் தின்றோம். புளிச் சட்னி கூடுதலாகக் கேட்டு வாங்கினேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில்தான், அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நாகர்கோவில் நர்ஸ் ஜோஸ்லினைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, டாக்டர் அன்றைக்குக் கோதையிடம் சொன்ன எல்லாவற்றையும் அதே வார்த்தைகளில் மறுபடி முதலிலிருந்து என்னிடம் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல ஜோஸ்லின் எதையும் விடாமல் தமிழில் சொன்னாள்.

எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுகொண்டிருக்கிறது. மருந்து கொஞ்ச காலம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். எவ்வளவு காலம் என்று கேட்டாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உன் மதருக்கு இது இன்றைக்கே தெரிய வேண்டும்.

கோதை என்னிடம் பொய் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. எதை விடுவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அந்த அறையில் டாக்டருக்கு எதிரே, நோயாளிக்குப் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது கோதை. தன் உயிரைப் பற்றிய செய்தியை அவள் முதன்முதலாகக் கேட்டது அங்கேதான். கேட்டுக்கொண்டே எனக்குத் தமிழில் சொன்னாள்.

நான் அவளுக்குத் துணையாகப் போயிருந்தேன்.