கறுப்புப் பட்டைக்குக் கீழே ஒரு கால்

மதிய வெயில் ஜன்னல் வழியாக வந்து கைப்பேசித் திரையில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. இரண்டடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் முதுகை வளைத்து உட்கார்ந்தபடி அவன், ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்பவேண்டிய வீடியோவின் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைக்கிறான். சினிமா மாதிரி இருக்கட்டும் என்று அல்ல. மேல் பட்டைக்குள் மேல்கட்டில் மறைகிறது. கீழ்ப் பட்டைக்குள் அறையில் தங்கியிருக்கும் ஆறு பேரின் செருப்புகள் மறைகின்றன. ஜன்னல் மட்டும் தெரியும் துண்டுக்குப் பட்டையே வேண்டாம். அவன் சிரித்துக் கையசைக்கும் கடைசித் துண்டுதான் அடங்க மறுக்கிறது. மேல்கட்டிலில் படுத்திருக்கும் சமையல்காரரின் கால், குதிகாலில் எண்ணெய்த் தழும்போடு, அவன் தோளருகே தொங்குகிறது. பட்டையைத் தடிப்பாக்கினால் அவன் தலையே போய்விடுகிறது.

சரி, செய்தியையாவது முதலில் சொல்லிவிடலாம் என்று பேச்சை எழுத்தாக்கும் மைக்கைத் தொட்டுக் கிசுகிசுக்கிறான். எழுத்து விழவில்லை. மறுபடியும் கிசுகிசுக்கிறான். திரை வெறுமையாகவே இருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொல்கிறான்: "தனி ரூம்தாம்மா. நான் மட்டும்தான்." எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கின்றன. மேல்கட்டில் கிறீச்சிடுகிறது.

"அப்ப நான் யாருடா தம்பி, பல்லியா?"

அவனுக்குக் காது மடல் சுடுகிறது. "அண்ணே... அது வந்து..."

"என் காலு உன் படத்துல விழுந்துடுச்சா?"

அவன் கைப்பேசியைத் தாழ்த்திக்கொள்கிறான். தோளருகே இப்போதும் தொங்கிக்கொண்டிருந்த கால் மெல்ல மேலே போகிறது.

"மறுபடி எடுத்துக்கோ. சீக்கிரம் எடு, மடக்கி வெச்சா மரத்துப்போகுது."

கைப்பேசியை உயர்த்திப் பிடிக்கிறான். படத்தில் இப்போது அவன் மட்டும்தான் இருக்கிறான். சிரிக்கத்தான் வரவில்லை.